துடைத்த நீலம்

மசக்காட்டு வீதியில் நீலம் முதன்முதலாக ஏறியது மூட்டை தூக்கும் மாசாணத்தின் இடது காலில்தான் என்பதை வீதியில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு மேல் எதையாவது ஒப்புக்கொள்ளச் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி தேடுவார்கள். ஒரு காலை நேரம் டீக்கடை பெஞ்சின்மேல் காலைத் தூக்கி வைத்த மாசாணம், முழங்காலுக்குக் கீழே கறை ஒன்று வந்திருக்கிறது, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று எல்லோருக்கும் காட்டினான். உள்ளங்கை அகலம் இருந்தது. ஓரத்தில் வைக்கோல் நிறம், அதற்குள் காப்பித்தூள் நிறம், அதற்குள் கத்தரிப்பூ, நட்டநடுவில் மயில் கழுத்து நீலம்.

"எங்கியாச்சும் இடிச்சிருப்பே," என்றார் டீக்கடைக்காரர்.

"இடிச்சா வலிக்குமில்லீங்? இது வலிக்கவே மாட்டீங்குது," என்றான் மாசாணம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கிரைண்டிங் ஷெட்டு ஆட்கள். அந்த நிறவரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அவர்களில் ஒருவனான சென்னியப்பனுக்கும் அது தெரியும். ஆனாலும் டீயை ஊதிக் குடித்து முடித்து, "பாத்துக்க மாசாணம்" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

கோயமுத்தூருக்கு வடக்கே அந்த வீதியில் வீட்டுக்கு வீடு ஷெட்டுதான். சூளையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி விறைப்பேற்றிய, மிஷின்களின் மூட்டுகளைக் கோர்த்துப் பிடிக்கும் எஃகுப் பின்களைச் சுழலும் கல்லில் கொடுத்து அளவுக்குக் கொண்டுவருவது அங்கே தொழில். விறைப்பேறிய எஃகுக்கு ரோஷம் அதிகம். கல் மழுங்கும்முன் வைரமுனையால் கீறிக் கூராக்கி, சூட்டைத் தணிக்கும் கூலண்ட் தண்ணீர் கல்லும் எஃகும் தொடுகிற இடத்திலேயே விழும்படி குழாயைத் திருப்பி வைத்து, மயிரிழை மயிரிழையாக எடுத்தால் அது குளிர்ந்தபடியே வெள்ளியாக வரும். அவசரப்பட்டு ஒரே கொடுப்பாக ஆழக் கொடுத்தால் சூடு உள்ளே இறங்கிவிடும். அந்த இடம் மட்டும் வெந்து, விறைப்பிழந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை உள்ளே வைத்துக்கொண்டு மேலே நீலம் பூக்கும். பூத்த பின்னைத் தூக்கிப் போட வேண்டும். மசக்காட்டு வீதியில் யாரும் போடுவதில்லை. உப்புத்தாளை எடுத்து நாலு தேய் தேய்த்தால் நீலம் போய்விடும், அளவும் சரியாக இருக்கும், உள்ளே வெந்தது உள்ளேயே இருக்கும். ஒரு துளி ஆசிட் விட்டால் வெந்த இடம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எந்த ஷெட்டிலும் ஆசிட் பாட்டிலை வாசற்படி ஏற்றுவதில்லை. "தொடச்சு வுடு" என்பது அங்கே பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. மாமியார் திட்டினாலும் தொடச்சு வுடு, காதல் கைவிட்டாலும் தொடச்சு வுடு.

காலில் கறை கறுத்துக்கொண்டே போனதில் பயந்துபோன மாசாணம் குடோன் வேலைக்கு முழுக்குப் போட்டான். போட்ட மறுநாள் அவன் கால் குழந்தையின் கால்போலச் சுத்தமாகிவிட்டது. அவன் இடத்துக்கு வந்த நடேசுவின் இடது காலில் அதே இடத்தில் அதே அகலத்தில் நீலம் ஏறியது. நடேசு அதைச் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான். பிறகு குடோனில் மூட்டை ஏற்றும் லிஃப்டின் பின் உடைந்து, கூண்டு இறங்கி, அந்தக் கால் போயிற்று. உடைந்த பின்னைக் குப்பையிலிருந்து எடுத்து யாரோ டீக்கடை மேசையில் வைத்தார்கள். அது கோவிந்தராஜுலு ஷெட்டில் சாணை பிடித்த பின். யார் கை பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. சென்னியப்பனும் அந்த ஷெட்டுதான், அவனும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஆட்டோக்காரர் ஒருவரின் தோளில், கல்லுடைக்கும் மிஷினில் நிற்கும் பெண்ணின் விலாவில், பிரசவ ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளும் ஆளின் மணிக்கட்டில் என்று நீலம் ஏறிக்கொண்டே போயிற்று, ஏறிய இடத்தில் இன்றில்லாவிட்டால் நாளை ஏதோ ஒரு பின் உடைந்துகொண்டே போயிற்று. ஜனங்களும் மெல்ல மெல்ல, மழைக்காலத்துக்குப் பழகுவதுபோல, அதற்குப் பழகிக்கொண்டார்கள். டெய்லர்கள் காலரை உயர்த்தித் தைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைப் புரட்டும்முன் "நீலம் கீலம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வீட்டுக்குள் நுழைந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் சட்டையைக் கழற்றச் சொன்னான். தோல் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார், அதை எல்லோரும் வாங்கிப் பூசினார்கள், களிம்பு நல்ல வாசனையாக இருந்தது. மாரியம்மன் கோயிலில் நீலத்துக்கென்று தனியாக மஞ்சள் காப்பு சாத்தினார்கள். நீலம் ஏறியவன் வேலையை விட்டால் அது அடுத்தவனுக்குத் தாவிவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. வசதியுள்ளவன் விட்டான், இல்லாதவன் சேர்ந்தான்.

வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. வழி எல்லோர் கையிலும் இருந்தது: கல்லைக் கூராக்கு, தண்ணீரைத் திருப்பு, கொஞ்சம் கொஞ்சமாக எடு, வெந்ததைத் தூக்கிப் போடு. சென்னியப்பன் கொஞ்ச காலம் அப்படிச் செய்தும் பார்த்தான். கூலண்ட் தொட்டியில் சேறாகப் படிந்திருந்ததை அள்ளிக் கொட்டினான். கல்லின் சத்தம் அழுகையிலிருந்து பேச்சாக மாறும்வரை வைரம் போட்டான். பின்கள் கையில் ஈரமாக, சில்லென்று வந்து விழுந்தன. அவனுக்கு அப்போது இருந்த சந்தோஷம் கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை. ஆனால் சாயங்காலம் தட்டில் இருந்தவை பாதிதான்.

கோவிந்தராஜுலு கெட்டவர் இல்லை. ஆட்களின் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷர். அவர் தட்டைப் பார்த்தார், சென்னியப்பனைப் பார்த்தார்.

"ஏஞ்சென்னியப்பா, பின்னுக்குத் தாலாட்டு பாடறயா?"

"வேகாம வருதுங்க மொதலாளி."

"வருது, தெரியுது. எதுத்த ஷெட்டுக்காரன் வேக வெச்சே ரெண்டு லோடு ஏத்தீட்டான். நானு ஷெட்டை மூடீட்டு உங்களையெல்லாங் கூட்டீட்டுக் கோயல்ல உக்காரட்டுமா?"

மறுநாள் தட்டு நிறைந்தது.

கடைசியில் ஷெட்டு ஓனர்கள் சங்கம் கல்யாண மண்டபத்தில் கூடியது. போண்டாவும் காப்பியும் கொடுத்தார்கள். வெகுநேரம் பேசி, இனிமேல் உள்ளூர் ஆர்டர் எதையும் தொடுவதில்லை, கப்பல் ஏறிப் போகிற வெளிநாட்டு ஆர்டரை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். முடிவு நல்ல முடிவுதான் என்பது கொஞ்ச நாளிலேயே தெரிந்தது. வீதியில் நீலம் ஓய்ந்தது, காலர்கள் இறங்கின, இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் பழையபடி தண்ணீர் கேட்டுக் குடித்தான். மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள், சென்னியப்பனும் பாத்திரம் நிறைய வாங்கிவந்து சாப்பிட்டான். கடலுக்கு அப்பால், பேர் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்கிற ஏதோ ஓர் ஊரில், எவளோ ஒருத்தி குளிக்கும்போது தன் தோளைப் பார்த்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, மறுபடியும் தேய்த்து, புருஷனைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருப்பாள் என்பது சென்னியப்பனுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றும்போதெல்லாம் அவன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டான்.

அந்த நாட்களில் ஒரு மதியம் லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தட்டில் கடைசிப் பின்கள். கூலண்ட் பம்பு அடைத்துக்கொண்டு குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தது. பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு பீடி பிடிக்கிற நேரம்தான் ஆகும், சென்னியப்பன் கழற்றவில்லை. ஆழக் கொடுத்தான். கல் கிறீச்சென்று அழுதது, பின்னின் இடுப்பில் நீலம் பூத்தது. துடைத்துத் தட்டில் போட்டான். அன்று துடைத்தது அது ஒன்றுதானா என்றால், இல்லை. ஆனால் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அந்தப் பின்தான் அவன் கண்ணுக்குள் வந்து நின்றது.

அவன் மனைவி துளசிமணி பக்கத்து நூல் மில்லில் வேலை பார்த்தாள். மில்லுக்கு வெளிநாட்டிலிருந்து நூல் சுற்றும் மிஷின் ஒன்று புதிதாக வந்து இறங்கியது, மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள், சுறுசுறுப்பான ஆள் என்று துளசிமணியை அதில் நிறுத்தினார்கள். அந்த வாரமே ஒரு காலையில், தலை சீவிக்கொண்டிருந்தவள் கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்தாள். தாலிக்கயிற்றை ஒதுக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க," என்று கூப்பிட்டாள். கத்தவில்லை. சென்னியப்பன் வந்து பார்த்தான். தொண்டைக்குழியில் வைக்கோல் நிறம், அதன் நடுவில் காப்பித்தூள் தொடங்கியிருந்தது.

"நம்மூர்ப் பின்னெல்லாங் கப்பல்ல போவுதுன்னீங்களே," என்றாள்.

"போச்சு. மிஷினாத் திரும்பி வந்துருச்சாட்டிருக்குது," என்றான். அவள்மேல் அவனுக்கு அத்தனை ஆசை இருந்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அன்றே மில்லுக்குப் போனான். ஸ்பின்னிங் மாஸ்டர் சபாபதி நல்ல மனுஷர், அவனை உள்ளே கூட்டிப்போய் மிஷினைக் காட்டினார். ஆள் உயரத்தில் இரும்புக் கை ஒன்று நிற்பவர் கழுத்துக்கு நேராக வந்து, குனிந்து, நூல்கண்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போயிற்று. அந்தக் கையைப் பிடித்திருந்த பின்களை சென்னியப்பன் பார்த்தான். வருஷக்கணக்காக அவன் விரல்கள் தொட்ட அதே பின்கள், வரிசையாகப் பளபளவென்று இருந்தன. எது வெந்தது, எது வேகாதது என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை.

"இது எங்க ஷெட்டுப் பின்னுங்க," என்றான். "நாந்தானுங்க தேச்சேன். ஆசிட் போட்டுப் பாத்தாத் தெரிஞ்சுருமுங்க."

மாஸ்டர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மிஷினைத் தெறந்தா கம்பெனிக்காரன் கேட்பான். எந்த ஊரு, எந்த ஷெட்டு, எத்தனை நாளா நடக்குதுன்னு அவன் முன்னால நீ சொல்லோணும். சொன்னா உங்க வீதிக்கு அப்புறம் எவனும் ஒரு பின்னுகூடக் குடுக்க மாட்டான். சொல்றயா?"

சென்னியப்பன் வாயைத் திறந்தான். கோவிந்தராஜுலுவின் ஷெட்டு, எதிர் ஷெட்டு, அதற்கடுத்த ஷெட்டு, டீக்கடை பெஞ்சு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"ரோசனை பண்ணிச் சொல்றனுங்க," என்றான். அப்படிச் சொன்னதற்காக அவன் தன்னையே காறித் துப்பிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

வந்து, துளசிமணியை இனி மில்லுக்குப் போகக் கூடாது என்றான். அவள் மாட்டேன் என்றாள். கெஞ்சினான், சத்தம் போட்டான், கடைசியில் அவள் மடியில் தலை வைத்து அழுதான். அவள் வேலையை விட்டாள். மறுநாள் கழுத்து சுத்தமாக இருந்தது. அன்று சாயங்காலம் அவன் அல்வா வாங்கி வந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதைத் தின்றார்கள்.

அவர்கள் வீட்டு வரிசையில் கடைசி வீட்டில் இருந்த கோகிலா, புருஷன் விட்டுவிட்டுப் போனபின் கைக்குழந்தையோடு தனியாக இருப்பவள், சில நாள் கழித்து ஒரு கிண்ணத்தில் கேசரியோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, உங்க எடத்துல என்னையப் போட்டுட்டாங்க! நீங்கதான் சொல்லீருப்பீங்க. எனக்குத் தெரியும்," என்றாள். கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாக அப்பியிருந்தது. இடுப்பிலிருந்த குழந்தை அந்தப் பவுடரைக் கையால் தடவித் தடவி விளையாடியது. தடவிய இடத்தில் கத்தரிப்பூ நிறம் தெரிந்தது.

துளசிமணி கேசரியை வாங்கி வைத்தாள். கோகிலா போனபின், "நாளைக்கு நானே போறனுங்க. அந்தப் புள்ளையக் கொன்னுட்டு எனக்கென்ன கழுத்து வேண்டிக்கெடக்குது," என்றாள்.

"நீ போவேண்டாம்," என்றான் சென்னியப்பன். "நாம் போறேன். நாந்தேச்ச பின்னு."

இந்தத் தடவை அவன் மாஸ்டரிடம் எதையும் மறைக்கவில்லை. வீதியின் பேர், ஷெட்டின் பேர், தன் பேர், எல்லாம் சொன்னான். மாஸ்டர் அவன் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் போட்டார். அந்தப் பின்கள் ஏழெட்டுக் கை மாறி வந்தவை, எந்த ஊர்ப் பின் என்பதே எங்களுக்குத் தெரியாது, திறந்து பார்க்க எங்கள் ஆளை அனுப்புகிறோம், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்றார்கள்.

"எப்பங்க வருவாங்க?"

"வர்றப்ப வருவான். மிஷினை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை, சென்னியப்பா. நிறுத்துனா முதலாளி வேற மாஸ்டரை வெச்சு ஓட்டுவாரு."

"அப்ப அதுவரைக்கும் அதுல நான் நிக்கறனுங்க. கோகிலாவுக்கு வேற எடத்துல வேலை போட்டுக் குடுங்க."

கோகிலாவைப் பஞ்சு பிரிக்கும் பக்கம் மாற்றினார்கள். சென்னியப்பன் ஷெட்டு வேலையை விட்டுவிட்டு மிஷின் முன்னால் போய் நின்றான். மறுநாள் நீலம் அவன் தொண்டைக்குழிக்கு வந்து சேர்ந்தது. அவன் கண்ணாடியில் பார்த்தபோது, நியாயமாகத் தன்னிடம் வர வேண்டியது கடைசியில் வழி கண்டுபிடித்து வந்துவிட்டது என்றிருந்தது அவனுக்கு. ஒருவித நிம்மதிகூட வந்தது. அதைத் துளசிமணியிடம் சொன்னான், சொல்லியிருக்கக் கூடாது.

"உங்களுக்கு நிம்மதி," என்றாள் அவள். "நீங்க நின்னு பாவத்தைக் கழிச்சுக்குவீங்க. நானு? தெனமும் காத்தால உங்களுக்குச் சோத்தைக் கட்டிக் குடுத்துட்டு, இன்னிக்கா, நாளைக்கான்னு உக்காந்திருக்கோணும். அதுக்கு நானே நின்னிருப்பேன்."

அன்றிலிருந்து அவள் சோறு கட்டிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு மதியம் தானே மில் கேட்டுக்குத் தூக்குப்போசியோடு வந்தாள். புளியமரத்தடியில் அவனை உட்கார வைத்து, முதலில் காலரை விலக்கிக் கழுத்தைப் பார்ப்பாள், அப்புறம்தான் போசியைத் திறப்பாள். வைக்கோல் காப்பியாயிற்று, காப்பி கத்தரிப்பூவாயிற்று, கத்தரிப்பூ நீலமாயிற்று. "ஆளு வந்துட்டானா?" என்று கேட்பாள். "வர்றானாம்" என்பான். அந்தப் பக்கம் போகிற மில் ஜனங்கள் முதலில் நின்று பார்த்தார்கள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். மசக்காட்டு வீதியில் சென்னியப்பனின் மிஷினில் வேறொருவன் நின்று வேகவேகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். சென்னியப்பன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்ற கோபத்தில் கோவிந்தராஜுலு வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு மதியம் துளசிமணி காலரை விலக்கினாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

கழுத்தில் ஒன்றும் இல்லை. நீலம் இல்லை, கத்தரிப்பூ இல்லை, ஓரத்து வைக்கோல்கூட இல்லை. அவள் முந்தானையை எச்சில்படுத்தித் துடைத்துப் பார்த்தாள், வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"உங்களை எடம் கிடம் மாத்தீட்டாங்களா?"

"இல்லையே. அங்கயேதான் நிக்கறேன்."

"அப்பறம் போயிருச்சுங்க! ஏனுங்க, போயே போயிருச்சு!" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மில் வாசல் என்றும் பார்க்காமல் அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். "மாரியாத்தா கண்ணைத் தொறந்துட்டா. நானு வேண்டாத நாளில்லை."

நீலத்துக்கு மேலும் சூடு ஏறினால் எஃகில் எந்த நிறமும் நிற்காது என்பது சென்னியப்பனுக்குத் தெரியும். மயில் கழுத்து வெளுக்கும், வெளுத்துக் கரையும், அப்புறம் பார்க்கிறவர்களுக்கு அது கல்லே தொடாத சுத்தமான இரும்புபோலத்தான் இருக்கும். உப்புத்தாளுக்கே வேலை இருக்காது. அப்படி ஆன பின்னைக் கையில் எடுத்தால் போதும், உடைந்துவிடும்.

அவன் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

"ஆமா புள்ள, போயிருச்சு," என்றான். "மோர் இருந்தா இன்னுங் கொஞ்சம் ஊத்து."

அவள் இருந்த மோரெல்லாம் ஊற்றினாள். நேராகக் கோயிலுக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு, கோகிலாவிடமும் சொல்லிவிட்டு, சாயங்காலம் தேங்காய்ப்பால் கொழுக்கட்டை செய்து வைப்பதாகச் சொன்னாள். அவனுக்கு அது பிடிக்கும். அவள் ரோட்டைக் கடந்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்து, மூலையில் மறையும்வரை அவன் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கு ஊதியது. அவன் போகாவிட்டால் மாஸ்டர் வேறு யாரையாவது கூப்பிட்டு அங்கே நிறுத்துவார். சென்னியப்பன் கையைக் கழுவி, சட்டைக் காலரில் பட்டனைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.